அடுக்களையில் அமர்ந்த பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் ஒன்று, தான் அமைந்திருக்கும் வட்டாரத்தின் பொருளாதார வாழ்வுக்கு என்ன செய்தல் கூடும் என்னும் வினா இன்று உலகெங்கும் கேட்கப்படுகின்றது. விடையாகப் பெரும்பாலும் நமக்குக் காட்டப்படுவது, ஆய்வுக்கூடமும் தொழில் நிறுவனமும் கைகோத்து நிற்கும் படமே. நிறுவனம் பணம் தருகின்றது, பேராசிரியர் கண்டுபிடிக்கின்றார், காப்புரிமை பதிவாகின்றது, ஊருக்குச் சில வேலைகள் வந்து சேர்கின்றன. இதில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் இந்தப் படத்தில் இடம்பெறாத வேறொரு கூட்டு முயற்சி வரலாற்றில் உண்டு. அங்கே பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் துணைவர்களாக இருந்தவர்கள் கடன்பட்ட மீனவர்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், அவர்தம் துணைவியர். ஆய்வுக்கூடமோ, பெரும்பாலும் அவர்களுள் ஒருவர் வீட்டு அடுக்களை.

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஆன்டிகோனிஷ் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது நம் முத்துக்குளித்துறை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் பெயர்: புனித பிரான்சிஸ் சவேரியார். 1853-இல் ஆரிஷாட் என்னும் கடற்கரை ஊரில் மறைமாவட்டக் கல்லூரியாகத் தோன்றி, 1855-இல் ஆன்டிகோனிஷுக்கு இடம் பெயர்ந்து, 1866-இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம் அது. ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர், பிரெஞ்சு மொழி பேசும் அக்கேடியர், அயர்லாந்தினர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் குருக்களையும் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் உருவாக்கித் தருவதே அதன் பணியாக இருந்தது. சொல்லப் போனால், ஊரிலிருந்து வெளியேறத் தகுதியுடையோரை அது உருவாக்கியது. படித்தவர் பாஸ்டனுக்கும் டொராண்டோவுக்கும் சென்றனர். படியாதவரும் அவர்கள் பின்னே சென்றனர். எஞ்சியோர் கடலையும் கற்பாறை நிலத்தையும் சுரங்கத்தையும் நம்பி வாழ்ந்தனர்.

அந்த வாழ்வு எத்தகையது? பருவம் தொடங்குமுன் வலை, கயிறு, உப்பு, மாவு அனைத்தையும் வியாபாரி கடனாகத் தருவார். பிடித்த மீன் முழுவதும் அவரிடமே வந்து சேர வேண்டும். விலையை வைப்பவர் அவர். கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவரும் அவரே. ஆண்டு முடிவில் மீனவர் கையில் காசு தங்குவது அரிது. நம் கடற்கரை வாசகர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வடகிழக்கே கேப் பிரெட்டன் தீவின் சுரங்க ஊர்களில் கடலுக்குப் பதில் கம்பெனி. வேலை கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, அரிசிக்கும் மாவுக்கும் கடன் தரும் கடையும் கம்பெனியுடையது. 1925-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அந்தக் கடைகளில் கடன் நிறுத்தப்பட்டது. ஜூன் 11-ஆம் நாள் கம்பெனிக் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் வில்லியம் டேவிஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி மாண்டார். அதன்பின் மக்கள் கம்பெனிக் கடைகளைச் சூறையாடித் தீக்கிரையாக்கினர்.

இந்தச் சூழலில் பல்கலைக்கழகத்தை அதன் மதில்களுக்கு வெளியே இழுத்தவர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ் அடிகள். 1870-இல் கேப் பிரெட்டனின் மார்கரி பள்ளத்தாக்கில் பிறந்தவர்; உருவத்தில் சிறியவர்; ஓரிடத்தில் அமராதவர்; கண்டவரிடமெல்லாம் கேள்வி கேட்பவர். பல்கலைக்கழகத்தின் துணைத்தலைவராக இருந்தபோது, 1921-இல், மக்களுக்கு அறிவைக் கொண்டு செல்ல வேண்டும் என்று வலியுறுத்தும் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டு குளிர்காலத்தில் ‘மக்கள் பள்ளி’ கூடியது. உழவரும் தொழிலாளருமாக ஏறக்குறைய ஐம்பது பேர், நுழைவுத் தேர்வோ கட்டணமோ இன்றி, பேராசிரியர்களிடம் பாடம் கேட்டனர். முகத்தில் மீசை நரைத்தவர்களும் அவர்களில் இருந்திருக்கக் கூடும் என்று எண்ணுகையில் நமக்கு ஒரு மகிழ்ச்சி தோன்றுகின்றது.

ஆனால் அடுத்த ஆண்டே புயல் வீசியது. அந்தப் பகுதியின் சிறு கல்லூரிகளையெல்லாம் தலைநகரான ஹாலிபாக்ஸில் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கும் திட்டத்தைக் கார்னகி அறக்கட்டளையினர் முன்வைத்தனர். டாம்ப்கின்ஸ் அடிகள் அதனைத் தீவிரமாக ஆதரித்தார். ஆயர் ஜேம்ஸ் மாரிசன் மறுத்தார். ஏழை மறைமாவட்டம் தன் காசைச் சேர்த்து வளர்த்த கல்லூரி தொலைவிலுள்ள நகரத்தில் கரைந்து போய்விடும் என்னும் ஆயரின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது, கல்லூரி ஆன்டிகோனிஷிலேயே நின்றதும் நன்மையாயிற்று என்றே நாம் கருதுகின்றோம். திட்டம் வீழ்ந்தது. 1922-இன் இறுதியில் துணைத்தலைவர் பதவியிலிருந்து அகற்றப்பட்ட அடிகள், கான்சோ என்னும் மீனவர் பங்கிற்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். அவரும் மற்றவரும் அதனை நாடுகடத்தலாகவே எண்ணினர்.

ஐம்பத்திரண்டு வயதில் அங்குச் சென்ற அந்த மனிதர், அதுவரை தாம் பேசிவந்த ‘மக்கள்’ யார் என்பதை அன்றாடம் கண்டார். பேராசிரியருக்குப் பங்கு மக்கள் ஆசிரியராயினர். 1927-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கனடா தன் கூட்டாட்சியின் அறுபதாம் ஆண்டை விழாவாகக் கொண்டாடியது. கான்சோ மீனவர்களோ, கொண்டாடுவதற்கு எங்களிடம் என்ன இருக்கின்றது என்று கேட்டுக் கூட்டம் கூடினர். அவர்கள் குரலைச் செய்தித்தாள்கள் வரை கொண்டு சென்றதில் அடிகளுக்கும் அண்டைப் பங்குக் குருக்களுக்கும் பெரும் பங்கு உண்டு. நடுவண் அரசு மீன்பிடித் தொழிலை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. இழுவைக் கப்பல்கள் சிறு படகு மீனவரின் வாழ்வை அழிக்கின்றன என்பது அங்கு எழுந்த முதன்மையான முறையீடுகளுள் ஒன்று. குமரிக் கடற்கரையிலும் இதே வழக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கேட்டது என்பதை வாசகர் அறிவர்.

ஆணையத்தின் முன் சான்று கூறியவர்களுள் டாம்ப்கின்ஸ் அடிகளின் உறவினரும் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பேராசிரியருமான மோசஸ் கோடி அடிகளும் ஒருவர். (‘கோடி’ என்பது இங்கே எண்ணன்று, குடும்பப் பெயர்.) 1882-இல் பிறந்தவர், நெடிய, பருத்த உருவம், குரலால் கூட்டத்தை அசைக்க வல்லவர். மீனவர் ஒன்றுசேர்ந்து தம் தொழிலைத் தாமே நடத்தக் கற்பதன்றி வேறு வழியில்லை என்பது அவர் வாதம். மறைமாவட்டத்தின் கிராமப்புற மாநாடுகள் பல ஆண்டுகளாகவே வயது வந்தோர் கல்வியைக் கோரி வந்தன. ஸ்காட்லாந்து வழிவந்த கத்தோலிக்கரின் சங்கமும், பல்கலைக்கழகம் செய்யாவிட்டால் நாங்களே செய்வோம் என்னும் அளவிற்கு நெருக்கியது. 1928-இல் பல்கலைக்கழகம் தன் விரிவாக்கத் துறையை நிறுவியது. முதல் இயக்குநர் கோடி அடிகள். இங்கே ஒன்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்: இந்தத் துறை பேராசிரியர்களின் கருணையால் மட்டும் பிறந்ததன்று. பொதுநிலையினரும் பங்குக் குருக்களும் வெளியிலிருந்து தட்டியதால் திறந்த கதவு அது.

அரசின் வேண்டுகோளுக்கிணங்க, கோடி அடிகள் 1929-30-இல் சுமார் பத்து மாதங்கள் கடற்கரை ஊர்தோறும் சென்று மீனவரைத் திரட்டினார். 1930-இல் ஹாலிபாக்ஸில் அவர்களின் பேராளர்கள் கூடி ‘ஐக்கிய கடலோர மீனவர்’ என்னும் கூட்டமைப்பை உருவாக்கினர். அதே ஆண்டில்தான் விரிவாக்கத் துறை முழுமூச்சாகச் செயலில் இறங்கியது. வேளாண்மை பயின்ற ஏ. பி. மக்டொனால்ட் என்னும் பொதுநிலையினர் கோடி அடிகளுக்குத் துணை இயக்குநரானார். ஒருவர் கனவு காண்பவர், மற்றவர் கணக்குப் பார்ப்பவர் என்று இவ்விருவரையும் பிரித்துப் பேசுவோர் உண்டு. இரண்டும் தேவைப்பட்ட பணி அது.

அவர்கள் கையாண்ட முறை எளியது. முதலில் ஊர்ப் பொதுக்கூட்டம். அங்கே கோடி அடிகளோ மற்றவரோ பேசுவர். உங்கள் வறுமை விதியன்று. நீங்கள் சிந்திக்காமல் விட்டுவிட்ட துறைகளை மற்றவர் கைக்கொண்டனர் என்பதே பேச்சின் சாரம். கேட்போர்க்குச் சற்று வலிக்கவே செய்யும். பிறகு ஊரார் சிறு சிறு ‘படிப்பு வட்டங்களாக’ப் பிரிவர். ஐந்து முதல் பத்துப் பேர் வரை வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவர். குளிர்காலத்தில் அந்நாட்டு ஏழை வீடுகளில் கணப்பு எரியும் இடம் அடுக்களைதான். ஆகவே அங்கேயே அமர்வர். மாதம் ஒருமுறை எல்லா வட்டங்களும் ஒன்றுகூடித் தாம் கண்டவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும். பல்கலைக்கழகம் துண்டு நூல்களையும் நூலகப் பெட்டிகளையும் களப்பணியாளரையும் அனுப்பும். தலைமை ஏற்கக் கூடியவர்களைச் சில வாரப் பயிற்சிக்கு ஆன்டிகோனிஷுக்கு வரவழைக்கும்.

என்ன படித்தார்கள்? இலக்கியமன்று; முதலில் பொருளாதாரம், அதுவும் தம் சொந்த ஊரின் பொருளாதாரம். நான் பிடித்த சிங்கி இறாலுக்குக் கரையில் சில சென்டுகள். பாஸ்டன் சந்தையில் அதன் விலை என்ன? இடையில் யார் யார் கைமாறுகின்றது? ஒவ்வொரு கையும் உண்மையில் என்ன செய்கின்றது? உயிருடன் அனுப்பினால் என்ன கிடைக்கும், டப்பாவில் அடைத்தால் என்ன கிடைக்கும்? மூட்டை மாவை மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சம்? இவற்றுக்கான தரவுகளில் ஒரு பாதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. மறுபாதி மீனவரின் கணக்குச் சீட்டுகளில் இருந்தது. இரண்டும் அடுக்களை மேசை மீது ஒன்றாக வைக்கப்பட்டபோதுதான் விடை புலப்பட்டது.

இந்த ஆய்வைப் பல்கலைக்கழகமே செய்து முடித்து, அறிக்கையாக அச்சிட்டு வழங்கியிருக்கலாமே என்று ஒருவர் வினவக்கூடும். பொருளியல் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு மாத வேலை அது. ஆனால் பாஸ்டன் விலையைத் தெரிந்து கொள்வதனால் மட்டும் ஒரு மீனவர் பாஸ்டனுக்கு மீன் அனுப்பிவிட முடியாது. அதற்குப் பெட்டி வேண்டும், பனிக்கட்டி வேண்டும், ஏற்றுமதிக்கு ஆள் வேண்டும். வியாபாரியின் சினத்தைத் தாங்கும் துணிவு வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அண்டை வீட்டான் பாதி வழியில் கைவிட மாட்டான் என்னும் நம்பிக்கை வேண்டும். இரண்டு குளிர்காலங்கள் ஒரே அடுக்களையில் அமர்ந்து ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களிடம் அந்த நம்பிக்கை வளர்ந்திருந்தது. அறிக்கை தந்திருக்க முடியாத பொருள் அதுவே. அந்த ஆய்வின் உண்மையான விளைச்சல் ஒரு தகவலன்று, ஒரு சங்கம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

கான்சோவை அடுத்த லிட்டில் டோவர் இதற்கு நல்ல சான்று. கற்பாறையும் கடலுமன்றி வேறொன்றுமில்லாத குக்கிராமம். டாம்ப்கின்ஸ் அடிகளின் தூண்டுதலால் படிக்கத் தொடங்கிய அதன் மீனவர்கள், தாமே காட்டில் மரம் வெட்டி, தாமே சுவரெழுப்பி, கடனாகப் பெற்ற சிறு தொகையைக் கொண்டு கருவிகள் வாங்கி, சிங்கி இறாலை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றைக் கட்டினர். அது ஊரின் சொத்தாக நின்றது. செய்தி கடற்கரை முழுதும் பரவியது.

பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கு விடையாக வந்தது, நாம் ‘சிக்கன நாணயச் சங்கம்’ என்று அழைக்கின்ற அமைப்பு. அதன் வழித்தடம் நம்மைப் பொறுத்தவரை ஆர்வமூட்டுவது. சென்னை மாகாண அரசின் பணிப்பில் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைபைசன் கண்ட வழியை நம் சிற்றூர்களும் காண வேண்டும் என்பது அவர் முடிவு. 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நம் திரூரில் சங்கம் தோன்றியது. 1907-இல் இந்தியாவிற்கு வந்த பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் பைலீன், வங்காளத்தில் இத்தகைய சங்கங்களைப் பற்றி அறிந்து வியந்து திரும்பினார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1900-லேயே மக்கள் வங்கியைத் தொடங்கியிருந்த அல்போன்ஸ் டெஜார்டினின் துணையும் சேர, 1909-இல் மாசசூசெட்ஸ் மாகாணம் சட்டமியற்றியது. பைலீனின் பொருளுதவியால் அமெரிக்கா எங்கும் இச்சங்கங்களைப் பரப்பிய ராய் பெர்கென்கிரென் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து வழிகாட்டினார். 1932-இல் அங்கும் சட்டம் நிறைவேறியது. ஒரு கருத்து ஜெர்மனியிலிருந்து சென்னை, வங்காளம், பாஸ்டன் வழியாகக் கேப் பிரெட்டன் சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதை இது. ஏழை நாடுகள் பெறுவதற்கு மட்டுமே பிறந்தவை என்று எண்ணுவோர் இதனையும் கணக்கில் கொள்ளலாம்.

பெண்களின் பங்கைத் தனியே சொல்லாவிடில் இவ்வரலாறு குறையுடையதாகும். புனித மார்த்தா சபை அருட்சகோதரியர் 1933 முதல் விரிவாக்கத் துறையில் பணிபுரிந்தனர். அருட்சகோதரி மேரி மைக்கேல் மக்கின்னன், அருட்சகோதரி ஐரீன் டாயில் ஆகியோர் பெண்களுக்கான படிப்பு வட்டங்களையும், நூல்களைக் கடற்கரை ஊர்களுக்கு அனுப்பும் பணியையும் நடத்தினர். கடைச் சாமான் வாங்குபவர் வீட்டுப் பெண்; கூட்டுறவுப் பண்டகசாலை நிலைக்குமா வீழுமா என்பது அவர் எங்கு வாங்குகின்றார் என்பதைப் பொறுத்தது. இதனைத் துறையினர் அறிந்திருந்தனர். எனினும் மேடைகளில் பேசியவர்களும் சங்கங்களின் தலைமையில் அமர்ந்தவர்களும் பெரும்பாலும் ஆண்களே. அடுக்களையில் கூடிய கூட்டத்தில் அடுக்களைக்குரியவரின் குரல் எவ்வளவு கேட்டது என்று நாம் கேட்பதில் தவறில்லை.

சுரங்கப் பகுதியில் வேலை இன்னும் கடினமாயிருந்தது. 1932-இல் கிளேஸ் பே நகரில் துறையின் கிளை அலுவலகம் திறக்கப்பட்டபோது, அதன் பொறுப்பு அலெக்ஸ் மக்கின்டயரிடம் தரப்பட்டது. தீவிரத் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, கம்பெனி வேலை தர மறுத்த மனிதர் அவர். 1935-இல் டாம்ப்கின்ஸ் அடிகள் ரிசர்வ் மைன்ஸ் என்னும் சுரங்க ஊரின் பங்குத்தந்தையானார். வந்தவுடன் தம் பங்கு இல்லத்தின் முன்னறையையே நூலகமாக்கினார். சுரங்கத்திலிருந்து கரி படிந்த முகத்துடன் வருபவர் நேரே உள்ளே வந்து நூல் எடுத்துச் செல்லலாம். அங்கு உருவான படிப்பு வட்டம் ஒன்று வீடு கட்டுவதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. கூட்டுறவு வீட்டமைப்பில் அனுபவமுடைய மேரி ஆர்னால்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி அவர்களுடன் தங்கி வழிநடத்தினார். கடன் வட்டி, மரத்தின் அளவு, மின்கம்பி, குழாய் என ஒவ்வொன்றாகக் கற்று, அட்டையில் மாதிரி வீடு செய்து பார்த்து, மாகாண வீட்டுவசதி ஆணையத்தின் நீண்டகாலக் கடனைப் பெற்று, தம் கைகளாலேயே 1938-இல் அவர்கள் வீடுகளை எழுப்பினர். அந்தத் தெருத்தொகுதிக்கு ‘டாம்ப்கின்ஸ்வில்’ என்று பெயரிட்டனர். கம்பெனி வீட்டில் பிறந்து கம்பெனி வீட்டில் சாவதே முறை என்றிருந்த ஊரில், சுரங்கத் தொழிலாளி தன் வீட்டுக்குத் தானே உரிமையாளரானார்.

1930-களின் இறுதியில் அப்பகுதி முழுதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிப்பு வட்டங்களில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் இருந்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றியிருந்தன. கத்தோலிக்கர் மட்டுமல்லர், பிற சபைக் கிறிஸ்தவர்களும் அவற்றில் உறுப்பினர். சங்கத்தில் சேர மறை கேட்கப்படவில்லை. இதில் கோடி அடிகள் உறுதியாக நின்றார். 1938-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதரின் பாராட்டுச் செய்தி கர்தினால் பாச்செல்லி வழியாக ஆயர் மாரிசனுக்கு வந்தது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலின் சொற்கள் ஒரு மீன்துறையில் எவ்வாறு உருப்பெறும் என்பதைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். முதலில் தயங்கிய அதே ஆயரின் மறைமாவட்டம் உலகறிந்ததாயிற்று.

இனி, கசப்பான பகுதிக்கும் வரவேண்டும். போர் தொடங்கியது, இளைஞர் படைக்கும் தொழிற்சாலைக்கும் சென்றனர், படிப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. போருக்குப் பின் அவை முன்போல் உயிர்பெறவேயில்லை. சங்கங்களோ வளர்ந்தன. வளர்ந்த சங்கத்திற்கு மேலாளர் வேண்டும், கணக்காளர் வேண்டும், கட்டடம் வேண்டும். உறுப்பினர் வாடிக்கையாளராக மாறினர். கூட்டுறவின் மூலம் பண்டகசாலை, மொத்த வணிகம், தொழிற்சாலை எனப் படிப்படியாக முழுப் பொருளாதாரத்தையுமே மக்கள் கைக்குக் கொண்டுவரலாம் என்று கோடி அடிகள் 1939-இல் எழுதிய நூலில் கண்ட கனவு நிறைவேறவில்லை. 1988-இல் ‘ஐக்கிய கடலோர மீனவர்’ அமைப்பே கடனில் மூழ்கி வீழ்ந்தது. சில ஆண்டுகளில், 1992-93-இல், காட் மீன் வளமே அற்றுப்போய், அட்லாண்டிக் கரையின் பெரும்பகுதியில் அதனைப் பிடிப்பதற்கு அரசு தடை விதித்தது. எந்தப் படிப்பு வட்டமும் தனியே தடுத்திருக்க முடியாத அழிவு அது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. 1920-களின் வேலைநிறுத்தங்களைக் கண்டு அஞ்சிய திருச்சபை, பொதுவுடைமையைத் தடுக்கும் மதிலாக இவ்வியக்கத்தைக் கட்டியது என்பர் சிலர். கோடி அடிகள் பொதுவுடைமையை எதிர்த்ததை மறைக்கவில்லை. ஆகவே இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மக்கின்டயர் போன்றோர் மதில் கட்டுவதற்காக வந்தவர்களல்லர். வேலைநிறுத்தத்தில் கையில் காசின்றித் தோற்றவர்களுக்குச் சொந்தப் பண்டகசாலையும் சொந்தச் சேமிப்பும் என்ன பொருள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தோல்வியின் வேரைப் பற்றி நம் கருத்து இது: ஆய்வு நின்ற இடத்தில்தான் தளர்ச்சி தொடங்கியது. ஆலையும் கடையும் எழுந்தபின், படிக்க வேண்டியதைப் படித்தாயிற்று என்று ஊரும் எண்ணியது, பல்கலைக்கழகமும் எண்ணியது. 1930-இன் சிங்கி இறால் விலையை ஆராய்ந்தவர்களின் பிள்ளைகள், 1960-இன் பெரும் இழுவைக் கப்பலையும் உறைகுளிர்ப் பதன ஆலையையும் அதே மேசையில் வைத்து ஆராயவில்லை.

கோடி அடிகள் 1952-இல் ஓய்வு பெற்று 1959 ஜூலையில் மறைந்தார். டாம்ப்கின்ஸ் அடிகள் அவருக்கு முன்பே, 1953-இல், காலமாகியிருந்தார். 1959-இலேயே பல்கலைக்கழகம் கோடி அடிகளின் பெயரால் பன்னாட்டு நிறுவனமொன்றைத் தொடங்கியது. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் அங்குச் சென்று பயின்று வந்தனர். இந்தியரும் அவர்களுள் பலர்.

உள்ளூரிலோ, அறுந்த இழையை மீண்டும் எடுத்தவர் கேப் பிரெட்டனில் மெய்யியல் கற்பித்த கிரெக் மக்லியோட் அடிகள். புனித சவேரியார் பல்கலைக்கழகம் 1951-இல் சிட்னி நகரில் தொடங்கிய இளநிலைக் கல்லூரி, வேறு நிறுவனத்துடன் இணைந்து வளர்ந்து, 2005-இல் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய இவர், நிலக்கரியும் எஃகும் சாய்ந்து கொண்டிருந்த நகரில் பழைய சங்க வடிவம் மட்டும் போதாது எனக் கண்டார். ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் மொந்திராகான் என்னும் ஊரை அவர் நேரில் சென்று ஆராய்ந்தார். அங்கும் ஓர் இளங்குரு, ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா, 1943-இல் தொழிற்பள்ளி தொடங்கினார். அதன் மாணவர்கள் 1956-இல் தொழிலாளரே உரிமையாளரான முதல் தொழிற்சாலையை நிறுவினர். 1974-இல் அக்கூட்டுறவுகள் தமக்கென ஆய்வு மையமே கண்டன. 1997-இல் பல்கலைக்கழகமும் கண்டன. தொழிற்சாலையும் ஆய்வும் ஒன்றையொன்று விடாமல் நடந்த அந்தப் பாதையைப் பற்றி மக்லியோட் அடிகள் நூல் எழுதினார்.

அவரும் நண்பர்களும் 1976-இல் சிட்னியில் ‘நியூ டான்’ என்னும் ஊர்வளர்ச்சி நிறுவனத்தை அமைத்தனர். அதில் எவரும் இலாபப் பங்கு பெறுவதில்லை; வருவாய் முழுதும் மீண்டும் ஊருக்கே. தீவில் பல் மருத்துவர் பற்றாக்குறை என்று கண்டபோது மருத்துவமனைக் கட்டடம் எழுப்பி மருத்துவர்களை வரவழைத்தனர். வாடகை வீடு இல்லையென்றபோது வீடுகள் கட்டினர். முதியோரைப் பேணுவார் இல்லையென்றபோது அதையும் தொழிலாக ஏற்றனர். 2001-இல் அரசின் கடைசிச் சுரங்கமும் எஃகாலையும் மூடப்பட்டன. நகரம் சுருங்கியது; பள்ளிகளும் மூடப்பட்டன. நூறாண்டுக்கு மேல் பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்த அருட்சகோதரியரின் தூய வானதூதர் கன்னியர் மடமும் அவற்றுள் ஒன்று. விற்பனைக்கு வந்த அந்த மடத்தை 2013-இல் நியூ டான் வாங்கியது. பழுது பார்த்து, ஓவியரும் கைவினைஞரும் சிறு தொழில் செய்வோரும் அறைகளை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் கலை மையமாக அதனை மாற்றியது.